ஜெனரேட்டருக்கு ரிமோட் ஸ்டார்ட்: மலை வீட்டுக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மின்சாரம் எப்போது போகும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு யூகலிப்டஸ் கிளை கம்பியில் விழுந்தால் போதும், அந்தச் சரிவு முழுக்க இருட்டாகிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதுபோன்ற நாட்களில் மண் சரிந்து சாலையே அடைபட்டுப் போகும். மின்வாரிய ஊழியர்கள் வந்து சேரவே நேரமாகும். அதனால்தான் இங்கே பல வீடுகளிலும் ஹோம்ஸ்டேகளிலும் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது.

சத்தத்துக்கும் புகைக்கும் பயந்து அதை வீட்டை விட்டுத் தள்ளி ஒரு கொட்டகையில் வைக்கிறோம். வைப்பதும் அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இரவில் வாசலிலேயே காட்டெருமை நிற்கும், கரடி உலவும். பாசி பிடித்த படியில் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குடையோடு இறங்கிப் போய் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வது வயதானவர்களுக்கு நல்லதல்ல. வீட்டுக்குள் இருந்தே ஸ்டார்ட் செய்ய வழி உண்டா என்று இங்கே பலரும் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வழி உண்டு. அது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் மாடலுக்கான ஒயரிங் படம் இதில் இல்லை. ஆனால் படித்து முடித்தபின் ஓர் எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ செய்து கொடுக்கும் வேலை சரியா தப்பா என்று நீங்களே கேள்வி கேட்க முடியும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட் செய்யும்போது உங்கள் கை மட்டும் வேலை செய்வதில்லை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, மூக்கு பெட்ரோல் வாடையைப் பிடிக்கிறது. ரிமோட் ஸ்டார்ட் செய்பவர்கள் பெரும்பாலும் கையின் வேலைக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கையின் வேலை சுலபம். கண்ணின் வேலைக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் உண்மையான கேள்வி.

எந்த ஜெனரேட்டருக்கு இது பொருந்தும்?

சாவி போட்டு செல்ஃபில், அதாவது பேட்டரியில் ஓடும் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகும் வகைக்கு மட்டும். கயிறு இழுக்கும் வகையில் செல்ஃப் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. அதில் இவற்றைப் புதிதாகப் பொருத்த ஆகும் செலவுக்கும் அலைச்சலுக்கும், செல்ஃப் உள்ள ஜெனரேட்டராகவே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய வகையை இதற்கு நினைக்கவே வேண்டாம். எரிபொருளைத் திறந்து மூடும் திருகை ('காக்') ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டிய வண்டி அது.

கை என்னென்ன செய்கிறது?

பெட்ரோல் காக்கைத் திறக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைத் தூக்கலாக்கும் சோக்கை இழுக்கிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பி ஸ்டார்ட் நிலையில் பிடிக்கிறது. இன்ஜின் பிடித்ததும் சாவியை விட்டுவிட்டு, சில வினாடியில் சோக்கை மெல்லத் தள்ளுகிறது. இதில் சாவி செய்யும் இரண்டு வேலைகளை முதலில் பார்த்துவிடுவோம்.

சாவியை ஆன் செய்தால் இன்ஜினுக்குக் கரண்ட் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காரில் அப்படித்தான். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் நடப்பது நேர் எதிர். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலில் ஒரு காந்தம் இருக்கிறது. அது சுற்றும்போது பக்கத்தில் இருக்கும் இக்னிஷன் காயிலைக் கடக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைக் காயில் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பேட்டரியின் தயவு அதற்கு வேண்டாம். அப்படியானால் இன்ஜினை எப்படி நிறுத்துவது? காயிலிலிருந்து வரும் ஓர் ஒயரை இன்ஜின் பாடியோடு தொட வைத்தால் பொறி வராது, இன்ஜின் நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதைக் கில் ஒயர் என்பார்கள். சாவி ஆஃப் என்றால் அந்த ஒயர் பாடியைத் தொட்டிருக்கிறது. ஆன் என்றால் தொடவில்லை. அவ்வளவுதான்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை தானாகவே வருகிறது: கில் ஒயருக்குப் பேட்டரியின் 12 வோல்ட்டை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஆன் செய்கிறோம் என்று நினைத்து அதில் 12 வோல்ட் கொடுத்தால் காயில் கெட்டுப்போகும். உங்கள் வண்டி இந்த வகைதானா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சாவி ஆஃபில் இருக்கும்போது அந்த ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பு காட்ட வேண்டும். ஆனில் தொடர்பு அறுபட வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பிக் கை வைக்க வேண்டாம்.

சாவியின் இரண்டாவது வேலை செல்ஃப் அடிப்பது. செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் சாவி வழியாகப் போனால் சாவி உருகிவிடும். அதனால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொலினாய்டு என்ற பெரிய ரிலே, அதாவது சின்னக் கரண்டால் கனத்த கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், இருக்கிறது. சாவி அதன் சின்ன முனைக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கிறது. கனத்த கரண்டை சொலினாய்டு பார்த்துக்கொள்கிறது.

ஆக, ரிமோட் செய்ய வேண்டியவை இரண்டே: கில் ஒயரைப் பாடியிலிருந்து விலக்குவது, சொலினாய்டின் சின்ன முனைக்குச் சில வினாடி 12 வோல்ட் கொடுப்பது.

நிறுத்த ஒருவர் போதும், கிளப்ப எல்லோரும் வேண்டும்

இந்த ஒரு விதி மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். கில் ஒயர் பாடியைத் தொடும் வழி ஒன்றல்ல. சாவி தொட வைக்கலாம். ஆயில் குறைந்தால் ஆயில் சென்சாரும் இன்ஜினை இதே வழியில்தான் நிறுத்துகிறது. நாம் சேர்க்கும் ரிலே மூன்றாவது. இவர்களில் யார் ஒருவர் தொட வைத்தாலும் இன்ஜின் நிற்கும். அதாவது நிறுத்தும் வழிகள் எல்லாம் பக்க இணைப்பில் இருக்க வேண்டும்.

செல்ஃபுக்குப் போகும் வழி அப்படியல்ல. அங்கே எல்லா நிபந்தனையும் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும் செல்ஃப் அடிக்கக் கூடாது.

இதற்கு எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும் ஐந்து முள் 12 வோல்ட் ரிலே போதும். ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடுவார்களே, அதே வகை. அதன் முள்களில் எண் போட்டிருக்கும். 85, 86 ரிலேக்குள் இருக்கும் காயிலின் இரு முனைகள். 30 பொது முனை. காயிலுக்குக் கரண்ட் வந்தால் 30-ஐ 87 தொடும். கரண்ட் இல்லாதபோது 30-ஐ 87ஏ தொட்டிருக்கும். வாங்கும்போது 87ஏ உள்ள ஐந்து முள் ரிலேதானா என்று பாருங்கள். நான்கு முள்ளில் அது இருக்காது.

கில் ஒயரை 30-இலும், பாடியை 87ஏ-இலும் இணைத்தால் என்ன ஆகும்? ரிலேக்குக் கரண்ட் இல்லாத சாதாரண நிலையில் இன்ஜின் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஓட வேண்டுமானால் ரிலேக்குத் தொடர்ந்து கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒயர் அறுந்தாலோ, எலி கடித்தாலோ, ஃபியூஸ் போனாலோ இன்ஜின் தானாக நிற்கும். இதைத் தலைகீழாகப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஒயர் அறுந்த அன்று வீட்டிலிருந்து இன்ஜினை நிறுத்த முடியாமல் போகும். ஆளில்லாத இடத்தில் ஓடும் இயந்திரம் கோளாறு வந்தால் நிற்கும் பக்கமாகவே சாய வேண்டும்.

அப்படி இணைத்தால் சாவியால் கையாலும் ஓட்ட முடியாதே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், சரியாகப் பின்தொடர்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்காகக் கொட்டகையில் ஒரு தேர்வு சுவிட்ச் வேண்டும். 'கை' என்று வைத்தால் நம் ரிலேக்களின் இரு வழியும் துண்டாகும். வண்டி பழையபடி சாவியில் ஓடும். 'ரிமோட்' என்று வைத்து, சாவியையும் ஆனில் விட்டால் வீட்டிலிருந்து ஓடும். ஆயில் மாற்றவோ பிளக் கழற்றவோ போகிறவர் முதலில் இதைக் 'கை' பக்கம் தள்ளி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே கை வைத்திருக்கும்போது வீட்டில் குழந்தை பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செல்ஃபுக்கு இன்னோர் ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வந்து, அதன் 30, 87 வழியாகச் சொலினாய்டின் சின்ன முனைக்குப் போக வேண்டும். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் இது வேலை செய்ய வேண்டும். ஒரே அடியாக 5 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் குறைந்தது 10 வினாடி ஆறவிட்டு மறுபடி அடிக்கலாம். இதை மனித நினைவிடம் விடாமல் ஒரு டைமர் ரிலேயிடம் கொடுப்பது நல்லது.

கண்ணுக்கு என்ன ஏற்பாடு?

இன்ஜின் பிடித்துவிட்டதா என்று கொட்டகையில் நிற்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள், ஜன்னல் எல்லாம் சாத்தி, தகரக் கூரையில் மழை அடிக்கும்போது அது கேட்காது. பிடிக்கவில்லை என்று நினைத்து ஓடும் இன்ஜினுக்கு மறுபடி செல்ஃப் அடித்தால் செல்ஃபின் பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் பற்களில் போய் மோதும். கர்ரென்று ஒரு சத்தம் வரும், பல் உடையும்.

இதற்கு விடை ஜெனரேட்டரிடமே இருக்கிறது. ஓடும்போது அது 230 வோல்ட் தருகிறது, நிற்கும்போது தருவதில்லை. ஆகவே 230 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலேயை அதன் வெளியீட்டில் இணைத்து, அந்த ரிலேயின் சாதாரண நிலையில் மூடியிருக்கும் தொடர்பை செல்ஃப் பொத்தானின் வழியில் கோத்துவிடுங்கள். இன்ஜின் பிடித்து வோல்ட்டேஜ் வந்த நொடியே செல்ஃபின் வழி அறுபடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: ஒரே ஒரு ரிலே, ஆனால் இயந்திரம் தன் நிலையைத் தானே அறிந்துகொள்கிறது. 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் ஒரே ரிலேயில் சந்திக்கும் இடம் இது. ஆகவே இரண்டு ஒயரிங்கையும் தனித்தனியே கொண்டுபோய், மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அதே ரிலேயின் இன்னொரு தொடர்பில் ஒரு சின்ன எல்இடி விளக்கை வீட்டுக்குள் எரிய வைக்கலாம். எரிந்தால் ஓடுகிறது. அணைந்தால் இல்லை.

ஒரு தகவலை மட்டும் இந்த விளக்கு சொல்லாது: ஏன் பிடிக்கவில்லை என்பதை. மலையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஜெனரேட்டர் சரிவில் நின்றால் உள்ளே ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் குறைந்துவிட்டது என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். செல்ஃப் சுற்றும், பொறி வராது. ரிமோட்டைக் குறை சொல்வதற்கு முன் கொட்டகையின் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

சோக், பெட்ரோல், குளிர்

சமவெளியில் இருப்பவர்கள் சோக்கைப் பெரிதாக நினைப்பதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் சோக் இல்லாமல் இன்ஜின் லேசில் எழுந்திருக்காது. அதே நேரம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானலும் ஏறக்குறைய 2,100 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் தூக்கலாக இருக்கிறது. சோக்கை ஒரு கணம் அதிகம் வைத்தாலும் பிளக் நனைந்துவிடும். சூடாக இருக்கும் இன்ஜினுக்குச் சோக்கே வேண்டாம். ஆக, எவ்வளவு சோக், எவ்வளவு நேரம் என்பதைக் கை இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே முடிவு செய்கிறது. ரிமோட்டுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் மிகக் கடினம். வீட்டிலேயே செய்த ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சோக்கைத்தான்.

கார் கதவின் சென்ட்ரல் லாக் மோட்டாரை சோக் கம்பியோடு இணைப்பது ஒரு வழி. அது 12 வோல்ட்டில் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு கொடுக்கும். பிளஸ் மைனஸை மாற்றினால் திசை மாறும். இதற்கு வீட்டில் ஒரு தனிப் பொத்தான் வைத்துக்கொண்டு, குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டும் சோக்கைப் போட்டு, விளக்கு எரிந்ததும் எடுத்துவிடலாம். முழுத் தானியங்கி ஆக்க முயல வேண்டாம். புதிதாக வண்டி வாங்கப் போகிறவர் என்றால் ஆட்டோ சோக் உள்ளதையே வாங்குங்கள். தலைவலியில் பாதி தீர்ந்தது.

பெட்ரோல் காக்கை எப்போதும் திறந்தே வைப்பதும் சரியல்ல. கார்புரேட்டரின் ஊசி வால்வு லேசாகக் கசிந்தால்கூட பெட்ரோல் வழியும், சில சமயம் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். கரண்ட் வந்தால் மட்டும் திறக்கும் 12 வோல்ட் பெட்ரோல் வால்வு ஒன்றை, கில் ஒயர் ரிலேயோடு சேர்ந்து இயங்கும்படி போட்டால் ஓடும்போது மட்டும் பெட்ரோல் போகும்.

உயரத்தால் இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜினின் சக்தி ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். ஊட்டி உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. அதனால் வீட்டு லோடு எதுவும் இணையாத நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் நிதானமான பிறகு லோடை மாற்ற வேண்டும்.

ரேடியோவா, ஒயரா?

ரிமோட் என்றதும் சாவிக்கொத்தில் தொங்கும் சின்னப் பெட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் ரிசீவர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பனிமூட்டம் இந்த அலையைத் தடுக்காது. நடுவில் வரும் மண்மேடும், நனைந்த மரக்கூட்டமும், கொட்டகையின் தகரமும் தடுக்கும். ரிசீவரின் ஆன்டெனா ஒயர் சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில், தகரத்துக்கு வெளியே நேராக நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு கேட் ரிமோட்டும் இதே அலைவரிசையாக இருக்கலாம் என்பதால், முதலில் கில் ஒயரை விலக்கும் 'ஓடு' பொத்தான், அப்புறம் 'ஸ்டார்ட்' பொத்தான் என்று இரண்டும் சேர்ந்தால்தான் செல்ஃப் அடிக்கும்படி வையுங்கள். ரிசீவரில் உள்ள குட்டி ரிலே, ஆட்டோ ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும். சொலினாய்டை நேரே அதில் மாட்ட வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால், கொட்டகை வீட்டிலிருந்து 30, 40 மீட்டருக்குள் இருந்தால் ரேடியோவே வேண்டாம். பிவிசி பைப்பில் மண்ணுக்கடியில் ஒரு மல்டிகோர் (பல கம்பிகள் கொண்ட) கேபிள் இழுத்துவிடுங்கள். ஆட்டோ ரிலேயின் காயில் எடுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 மீட்டர் போய் வந்தாலும் கால் வோல்ட்கூடக் குறையாது. சுவரில் இரண்டு சுவிட்ச், ஒரு விளக்கு, முடிந்தது வேலை. சாதாரண ரேடியோ ரிமோட் கட்டளையை அனுப்பும், பதில் கொண்டுவராது. கேபிள் இரண்டையும் செய்யும்.

ரேடியோவில் இன்னொரு செலவும் உண்டு. ரிசீவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அது 10 மில்லியாம்பியர் எடுத்தாலும் 30 நாளில் 7.2 ஆம்பியர் அவர் ஆகிறது. 9 ஆம்பியர் அவர் பேட்டரியாக இருந்தால் ஒரு மாதத்தில் செல்ஃப் அடிக்கத் தெம்பிருக்காது. குளிரில் அதற்கும் முன்பே படுத்துவிடும். பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்க, 13.5 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் ஒரு ஃபுளோட் சார்ஜரை வீட்டு மின்சாரத்தில் இணைத்து வையுங்கள். சின்ன சோலார் பேனல் போதும் என்பார்கள். ஜூலை மாதத்து நீலகிரி வானத்தை நம்பி அதைச் செய்ய மாட்டேன்.

எங்கே நிற்கிறது, எங்கே இணைகிறது

எது விட்டுப்போனாலும் இதை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உறங்கும் ஊர் நம்முடையது. அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அங்கே கொல்வதும் இதே வாயுதான். நேரில் போய் ஸ்டார்ட் செய்பவர் புகை எந்தப் பக்கம் போகிறது, யாருடைய ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்க்கிறார். ரிமோட்டில் அந்தப் பார்வை இல்லை. ஆகவே எந்தக் காற்றிலும் ஆபத்தில்லாத இடத்தில், வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க ஜெனரேட்டர் நிற்க வேண்டும். கார்ஷெட், வராந்தா, மாடிப்படிக்குக் கீழே என்று எங்கும் வேண்டாம். வைக்கோல், விறகு, சாக்கு எதையும் புகைக்குழாய் பக்கம் யாரும் வைத்துவிடாதபடி கொட்டகை பூட்டியிருக்க வேண்டும். காற்றோட்டத்துக்குப் பக்கங்களில் கம்பிவலை போதும். படுக்கையறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.

ஜெனரேட்டரின் கரண்ட் வீட்டுக்குள் வருவது, மின்வாரியம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் அந்த 230 வோல்ட் மீட்டரைத் தாண்டி வெளிக்கம்பிக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் அதன் வோல்ட்டேஜ் பல மடங்கு ஏறும். மழையில் மரத்தை வெட்டிவிட்டுக் கம்பியைக் கையில் பிடித்திருக்கும் லைன்மேனை அது கொன்றுவிடும். ரிமோட் ஸ்டார்ட் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கிறது அந்த மின்சாரம்.

முதல் சோதனையைப் பகலில் செய்யுங்கள். கொட்டகையில் ஒருவர் சாவியின் மேல் கை வைத்து நிற்கட்டும், வீட்டில் ஒருவர் பொத்தானை அழுத்தட்டும், இருவர் கையிலும் போன் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆகிறதா என்பதைவிட நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள்: ஓடும்போது கில் ஒயர் ரிலேக்குக் கரண்ட் தரும் ஃபியூஸைப் பிடுங்கினால் நிற்க வேண்டும், சாவியை ஆஃப் செய்தால் நிற்க வேண்டும், வீட்டு சுவிட்சை அணைத்தால் நிற்க வேண்டும். ஓடும் இன்ஜினுக்கு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. அந்தச் சோதனைக்கு முன் 230 வோல்ட் ரிலே வேலை செய்கிறது என்று மல்டிமீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் மாதம் ஒரு முறையாவது, மின்வெட்டு இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் ஓட விடுங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்துவிட்டால் எந்த ரிலேயாலும் அதைக் கிளப்ப முடியாது.